கணிப்பொறிக்குள் ஒரு பந்தயப் பாதை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

மோட்டார் பந்தயத்தைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் வகுப்பில் பலர் சிரித்தார்கள். “உனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்டத் தெரியாதே!” என்றாள் ஒருத்தி. அது உண்மைதான். ஆனால் நான் எழுதப் போவது கார் ஓட்டுவதைப் பற்றி அல்ல. எங்கோ ஜெர்மனியில் கிடக்கும் ஒரு ரோட்டை, அதன் மேடு பள்ளம் மாறாமல் தூக்கி வந்து, கணிப்பொறிக்குள் வைப்பவர்களைப் பற்றி.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோவையிலுள்ள பெரியப்பா வீட்டிற்குச் சென்றிருந்தோம். பெரியப்பாவின் மகன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். அவர் தம் மேஜையில் ஒரு ஸ்டியரிங்கைப் பொருத்தி, காலடியில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வைத்து, திரையில் கார் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு வளைவு வரும்போது மட்டும் அந்த ஸ்டியரிங் தடதடவென்று நடுங்கியது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே நடுக்கம். “அண்ணா, உங்கள் ஸ்டியரிங் பழுதாகிவிட்டது போலிருக்கிறது” என்றேன்.

“பழுதெல்லாம் இல்லை. அந்த வளைவில் சிமென்ட் பலகைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சக்கரம் ஏறி இறங்குகிறது. அதுதான் கையில் தெரிகிறது.”

நான் நம்பவில்லை. யாரோ ஒருவர் அந்த இடத்தில் ஸ்டியரிங் நடுங்கட்டும் என்று எழுதி வைத்திருப்பார், அவ்வளவுதான் என்று வாதாடினேன். அண்ணன் சிரித்துவிட்டு, “நீயே படித்துப் பார்த்து எனக்குச் சொல்லேன்” என்றார். அன்று தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை. வாதத்தில் தோற்றது நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்தப் பாதையின் பெயர் நூர்புர்க்ரிங். ஜெர்மனியின் ஐஃபல் மலைப் பகுதியில் 1925-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1927-இல் திறந்தார்கள். அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோ மீட்டர் நீளம். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். மிகத் தாழ்ந்த இடத்திற்கும் மிக உயர்ந்த இடத்திற்கும் ஏறத்தாழ 300 மீட்டர் வித்தியாசம். காட்டுக்குள் புகுந்து, கிராமங்களின் ஓரமாக வளைந்து செல்லும் இதனைப் புகழ்பெற்ற வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் ‘பச்சை நரகம்’ என்று அழைத்தார். 1976-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள் ஆஸ்திரிய வீரர் நிக்கி லவுடாவின் கார் இங்கேதான் மோதித் தீப்பிடித்தது. கடுமையான தீக்காயங்களோடு உயிர் பிழைத்த அவர், ஆறு வாரத்திலேயே மீண்டும் பந்தயத்தில் இறங்கினார்! ஆனால் பார்முலா ஒன் பந்தயம் அதன் பிறகு அந்த நீண்ட சுற்றுக்குத் திரும்பவே இல்லை. அண்ணனின் கையை நடுங்க வைத்த வளைவு, ருடால்ஃப் கராச்சியோலா என்ற பழைய வீரரின் பெயரைத் தாங்கிய ‘கருஸல்’ வளைவு.

இப்படிப்பட்ட பாதையை ஒரு பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

தொடக்க காலத்தில் யாரும் அப்படி அடைக்க முயலவில்லை. 1982-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ‘போல் பொசிஷன்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஜப்பானின் ஃபுஜி பந்தயப் பாதை இடம் பெற்றது. உண்மையான ஒரு பாதையைத் தழுவிய முதல் விளையாட்டு என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அது வளைவுகளின் வரிசையைப் பார்த்துப் போட்ட கோட்டுச் சித்திரம் போன்றது. 1980-களின் நடுவில் இங்கிலாந்தில் ஜெஃப் கிராமண்ட் என்பவர் ‘ரெவ்ஸ்’ என்ற விளையாட்டை எழுதினார். சில்வர்ஸ்டோன் பாதையை அதில் கொண்டு வந்தார். அவருக்குப் பந்தய வீரர் டேவிட் ஹன்ட் ஆலோசனை சொன்னார். அந்தக் கணிப்பொறியின் மொத்த நினைவகம் 32 கிலோ பைட்டுதான்! இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. ஆயினும் மேடு ஏறும்போது கார் இலேசாவதும், வளைவில் பின்பக்கம் வழுக்குவதும் அதில் இருந்தன என்பதைப் படிக்கும்போது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

1998-இல் அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம் இன்னொரு துணிவான காரியம் செய்தது. 1967-ஆம் ஆண்டின் பார்முலா ஒன் பந்தயங்களை அப்படியே திரும்பக் கட்டியது. விளையாட்டின் பெயர் ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’. கட்டத் தொடங்கியபோது அந்தப் பாதைகளில் பல உருமாறிப் போயிருந்தன. பெல்ஜியத்தில் கிராமத்து ரோடுகளின் வழியாக 14 கிலோ மீட்டர் ஓடிய ஸ்பா பாதை 1979-லேயே பாதியாகச் சுருங்கிவிட்டது. பிரான்சின் ரூவென் பாதையை 1994-இல் மூடிவிட்டார்கள். இருப்பதைப் பார்த்து வரைவது ஒன்று; இல்லாததை வரைவது வேறு. அந்நாளில் லேசர் அளவை இத்தொழிலுக்கு வரவில்லை. பழைய படங்களில் தெரியும் ஒரு வீட்டின் சுவரிலிருந்து ரோட்டின் அகலத்தைக் கணக்கிட வேண்டிய நிலை என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும்!

இனி, இன்றைய முறைக்கு வருவோம். அந்தப் பாப்பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் கேமர், பின்னர் ‘ஐரேசிங்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி 2008-இல் மக்களுக்குத் திறந்தார். பாதையைக் கண்ணால் பார்த்து வரைவதில்லை, அளந்தே கட்டுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அளப்பதற்கு நாடாவோ சங்கிலியோ அல்ல, லேசர் ஒளி.

முக்காலியின் மேல் ஒரு கருவி. அதற்குள் ஒரு கண்ணாடி சுழலும். கருவியும் தன்னைத் தானே மெல்லச் சுற்றும். அதிலிருந்து புறப்படும் லேசர் ஒளி ரோட்டில் பட்டுத் திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். எளிய கணக்குதானே என்று நினைக்கிறீர்களா? ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோ மீட்டர் செல்லும் என்று நாம் படித்திருக்கிறோம். 15 மீட்டர் தள்ளி உள்ள ஒரு கல்லைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு வினாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லி மீட்டர் வித்தியாசத்தை இனங்காண வேண்டுமானால் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய நேரத்தை அளக்க வேண்டும்! ஆகவே சில கருவிகள் நேரத்தை நேராக அளக்காமல், அனுப்பிய ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் திரும்பி வந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன. கடிகாரம் பார்ப்பதற்குப் பதிலாக அலையைப் பார்ப்பது. இந்த இடத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் இயற்பியல் ஆசிரியைதான் கரும்பலகையில் இரண்டு அலைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து காட்டினார்.

இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சில நிமிடங்களில் சேர்ந்துவிடும். ஆனால் ஒளி நேர்க்கோட்டில்தான் செல்லும். வளைவுக்கு அப்பால் இருப்பதோ, கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருப்பதோ அதற்குத் தெரியாது. ஆகவே முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, மறுபடியும் நிறுத்த வேண்டும். முன்பு அளந்ததையும் பின்பு அளந்ததையும் சேர்த்துத் தைப்பதற்கு அடையாளமாக இடையிடையே வெள்ளை உருண்டைகளையோ குறியட்டைகளையோ வைப்பார்கள். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் வேலை கெட்டுவிடும். நீர் ஒளியை வேறெங்கோ சிதறடித்துவிடும். காரின் மேல் கருவியைப் பொருத்தி ஓட்டிக்கொண்டே அளக்கும் முறையும் உண்டு. 20 கிலோ மீட்டர் பாதைக்கு முக்காலியைத் தூக்கி நடந்தால் கால் என்னாவது?

முடிவில் கிடைப்பதைப் ‘புள்ளி மேகம்’ என்கிறார்கள். அழகான பெயர்! கோடிக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ரோடு, மரம், விளம்பரப் பலகை எல்லாம் பனிமூட்டத்தில் நிற்பது போலிருக்கும். ஆனால் புள்ளியின் மேல் கார் ஓட முடியாது. புள்ளிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கோணங்களாக்க வேண்டும். அளந்தபோது குறுக்கே போன ஆளையும், நிறுத்தியிருந்த வண்டியையும் நீக்க வேண்டும். மரங்களையும் மக்கள் அமரும் இடங்களையும் கலைஞர்கள் புகைப்படங்களைப் பார்த்துத் தனியே செய்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தி எனக்குப் புதுமையாக இருந்தது. விளையாட்டில் ரோடு ஒன்றல்ல, இரண்டு! ஒன்று நம் கண்ணுக்காக. தார் நிறம், வெள்ளைக் கோடு, டயர் தேய்ந்த கறுப்புத் தடம் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று சக்கரத்துக்காக. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை. மேடு பள்ளம் மட்டும் நெருக்கமாக இருக்கும். கார் ஓடுவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத ரோட்டின் மேல்தான். கருஸலின் சிமென்ட் இணைப்புகள் இதில்தான் இருக்கின்றன. அண்ணனின் கையை நடுங்க வைத்தது யாரோ எழுதி வைத்த கட்டளை அல்ல. சக்கரம் ஏறி இறங்குகிறது, அந்த விசை ஸ்டியரிங் தண்டின் வழியாக மேலே வருகிறது, மேஜைக்கடியில் உள்ள சிறு மோட்டார் அதை அப்படியே கைக்குத் தருகிறது. வேறொரு காரில் சென்றால் வேறு விதமாக நடுங்கும். மெதுவாகச் சென்றால் நடுக்கமும் மெதுவாகிவிடும். இதைப் படித்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

இத்தாலியில் ‘குனோஸ்’ என்றொரு சிறு நிறுவனம் உண்டு. ரோம் நகருக்கு அருகிலுள்ள வல்லேலுங்கா பந்தயப் பாதையிலேயே தங்கள் அலுவலகத்தை வைத்துக்கொண்டார்கள்! ஜன்னலுக்கு வெளியே உண்மைக் கார் ஓடும். உள்ளே மேஜையில் அதன் நகல். 2014-இல் வெளிவந்த அவர்களுடைய ‘அசெட்டோ கோர்சா’வுக்கும் நூர்புர்க்ரிங்கை லேசரால் அளந்தார்கள்.

சில சமயம் அளப்பதற்குப் பாதையே இருக்காது. நம் நாட்டிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. டெல்லிக்கு அருகில் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோ மீட்டர் நீளமுள்ள புத்த் பந்தயப் பாதையில் முதல் இந்திய கிராண்ட் பிரீ 2011 அக்டோபர் 30-ஆம் நாள் நடந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் அதில் ஓடினார். ஆனால் இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் அந்தப் பாதையைச் சேர்த்துச் செய்த விளையாட்டு செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. பாதை திறக்கப்படும் முன்பே சிறுவர்கள் அதில் ஓட்டிப் பழகிவிட்டார்கள். அங்கே கட்டட வரைபடம்தான் ஆதாரம். வரைபடத்தில் மேடு பள்ளம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். தார் போட்டவர் கை எங்கே தவறியது என்பது வரைபடத்துக்குத் தெரியாது.

பாதை போகட்டும், கார்? வெளித்தோற்றம் எளிது என்று நினைத்தேன். அதுவும் தவறு. ஜப்பானில் கசுனோரி யமாவுச்சி என்பவர் ஐந்தாண்டு உழைத்து 1997 டிசம்பரில் ‘கிரான் டூரிஸ்மோ’வை வெளியிட்டார். கடைகளில் விற்கும் சாதாரணக் கார்கள் உள்பட நூற்றுக்கு மேற்பட்ட உண்மைக் கார்கள் அதில் இருந்தன. அன்று ஒரு கார் சில நூறு முக்கோணங்களால் ஆனது. 2010-இல் ஐந்தாவது பதிப்பு வந்தபோது ஒரு கார் லட்சக்கணக்கான முக்கோணங்களாக வளர்ந்துவிட்டது. ஒரே ஒரு காரை முடிக்க ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது. நாம் முழு ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் காலம்! கார் நிறுவனங்களிடமிருந்து வரைபடங்கள் வாங்குகிறார்கள். பழைய கார் என்றால் வரைபடம் இருக்காது. அருங்காட்சியகத்திற்கோ, சொந்தக்காரர் வீட்டுக்கோ சென்று கதவு, பொத்தான், இருக்கையின் தையல் என்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, லேசராலும் அளந்து கொள்கிறார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2007-இல் நிஸான் நிறுவனம் ஜி.டி.ஆர். என்ற உண்மைக் காரைச் செய்தபோது, அதன் உள்ளே எண்களும் கோடுகளும் காட்டும் திரையை வடிவமைத்தது யார் தெரியுமா? இந்த விளையாட்டைச் செய்த யமாவுச்சியின் நிறுவனம்தான். நகல் எடுத்தவர்களிடமே அசல் போய்க் கேட்டது!

ஆனால் தோற்றம் மட்டும் போதாது. காரின் எடை நான்கு சக்கரங்களில் எப்படிப் பிரிகிறது, ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்றெல்லாம் தெரிய வேண்டும். ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் காண ஒரு நல்ல வழி இருக்கிறது. நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு தராசுகளை வைத்து நிறுப்பார்கள். பிறகு காரின் ஒரு பக்கத்தை உயர்த்தி மறுபடியும் நிறுப்பார்கள். சாய்த்ததும் எடை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து உயரம் கிடைத்துவிடும். நிரம்பிய குடத்தைச் சாய்க்கும்போது இடுப்புக்குத் தெரிகிறதே, அதே சேதிதான்.

எல்லாவற்றிலும் கடினமானது டயர். அவ்வளவு பெரிய கார் ரோட்டைத் தொடுவது எங்கே? ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டுமே. நான்கு உள்ளங்கைகள்! வேகமும் திருப்பமும் நிறுத்தமும் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான்.

உங்கள் பென்சில் ரப்பரை எடுத்து மேஜையின் மேல் அழுத்தி மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். முதலில் அது நகராது, வளையும். வளைய வளைய எதிர்ப்பும் கூடும். ஓர் அளவுக்கு மேல் சர்ரென்று வழுக்கிவிடும். வழுக்கிய பிறகு தள்ளுவது முன்பைவிட எளிதாக இருக்கும். டயரும் இப்படித்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் பார்க்கும் திசையும் கார் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் சில பாகை வித்தியாசம் இருக்கும். ரப்பர் முறுக்கிக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. வித்தியாசம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஒரு சிகரத்தைத் தொட்டு, பின் குறையும். அந்தச் சிகரத்தில் நிற்பவர் வெல்பவர். சற்றே தாண்டியவர் புல்வெளியில் கிடப்பார்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்காக எழுதியவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்கா. 1980-களில் வால்வோ நிறுவனத்தாரோடு சேர்ந்து இதை உருவாக்கினார். இதற்கு ‘மாயச் சூத்திரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் மாயம்? அந்தச் சூத்திரம் ரப்பரின் இயல்பிலிருந்து படிப்படியாக வந்ததல்ல. சோதனையில் கிடைத்த வளைகோட்டோடு அது அப்படியே பொருந்துகிறது, அவ்வளவுதான். அதில் சைன் வருகிறது, தோழியரே! முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று அரையாண்டுத் தேர்வுக்கு முன் நான் முணுமுணுத்ததை எங்கள் கணித ஆசிரியை மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்பொழுது பல நிறுவனங்கள் இந்தச் சூத்திரத்தையும் தாண்டி, டயரின் சூடு, தேய்மானம் முதலியவற்றையும் கணக்கில் சேர்க்கின்றன.

இத்தனையும் எத்தனை முறை கணக்கிட வேண்டும்? திரையில் படம் வினாடிக்கு 60 முறை மாறினால் நம் கண்ணுக்குப் போதும். கணக்குக்கு அது போதாது. அசெட்டோ கோர்சா வினாடிக்கு 333 முறையும் ஐரேசிங் 360 முறையும் காரின் நிலையைக் கணக்கிடுகின்றன. மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 55 மீட்டருக்கு மேல் ஓடும். வினாடிக்கு 60 முறை மட்டும் பார்த்தால் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவில் 90 சென்டி மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். சிமென்ட் இணைப்பு காணாமலே போய்விடும். 333 முறை பார்த்தால் ஏறத்தாழ 17 சென்டி மீட்டருக்கு ஒரு முறை ரோட்டைத் தொட்டுப் பார்க்கலாம். பார்வையற்றவர் கோலைத் தட்டித் தட்டி நடப்பதை நினைத்துக்கொண்டேன்.

ஒலிக்கு, காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் சுழலவிட்டு, எஞ்சின் அருகிலும் புகைக்குழாய் அருகிலும் ஓட்டுபவர் காதருகிலும் மைக் வைத்துப் பதிவு செய்கிறார்கள். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசை இல்லை. பெரியப்பா வீட்டில் மூன்று நாள் கேட்டதே போதும்.

பெயர் விவகாரம் ஒன்று உண்டு. அளந்துவிட்டோம் என்பதற்காக ஒரு காரை விளையாட்டில் வைத்துவிட முடியாது; கார் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். போர்ஷே நிறுவனத்தின் பெயரைப் பல ஆண்டுகள் ஒரே ஒரு விளையாட்டு நிறுவனம் தனக்கென்று உரிமை வாங்கி வைத்திருந்தது. 2016-இல்தான் அது முடிந்தது. அதுவரை மற்றவர்கள் போர்ஷே வண்டிகளைத் திருத்திச் செய்யும் ‘ரூஃப்’ என்ற நிறுவனத்தின் கார்களை வைத்துச் சமாளித்தார்கள். நான் மேலே சொன்ன 1998-ஆம் ஆண்டு விளையாட்டில் ஹோண்டாவின் பெயருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ‘முரசாமா’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். காரெல்லாம் இத்தனை துல்லியமாகச் செய்துவிட்டு, பெயரில் மட்டும் பொய் சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள்!

சரி, இவ்வளவு செய்த நகல் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? 2008-இல் நிஸானும் சோனியும் சேர்ந்து கிரான் டூரிஸ்மோ ஆடுபவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். வென்றவருக்கு உண்மைப் பந்தயக் கார். ஸ்பெயினைச் சேர்ந்த லூக்காஸ் ஒர்டோனியெஸ் என்ற மாணவர் வென்றார். 2011-இல் அவர் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் குழுவினருடன் தமது பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். பாதை எங்கே வளையும், எங்கே பிரேக் போட வேண்டும் என்பதெல்லாம் நகலில் கற்றது அசலில் உதவியது.

உதவாதவையும் உண்டு. வளைவில் கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கும் விசையை மேஜை தராது. வெப்பத்தைத் தராது. எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சத்தைத் தராது. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடியும் புறப்படலாம். 2011-இல் அதே போட்டியில் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற ஆங்கிலேய இளைஞர், 2015 மார்ச்சில் நூர்புர்க்ரிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே ‘ஃப்ளூக்பிளாட்ஸ்’ என்றொரு மேடு. விமானத் தளம் என்று பொருள். அந்த மேட்டில் காரின் முன்பக்கம் எழும்பி, காற்றில் தூக்கிப் போய்த் தடுப்பைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இறந்தார். அதன்பின் அந்த இடத்தின் மேடுகளைக் குறைத்து ரோட்டைச் சீர் செய்தார்கள். ஆனால் அதற்கு முன் அளந்த விளையாட்டுகளில் பழைய மேடு அப்படியே இருக்கும். உண்மை ரோட்டில் இல்லாத ஒன்று நகலில் இருக்கிறது. அங்கே மட்டும் கார்கள் இன்றும் எழும்புகின்றன. இதைப் படித்த பிறகு அண்ணன் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு வேடிக்கை பார்க்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூர். அங்கே 1947-இல் திறந்த ஒரு பந்தயப் பாதை. சுற்று ஏறத்தாழ ஒரு கிலோ மீட்டர்தான். ஒரு பக்கம் இறக்கமாகவும் எதிர்ப்பக்கம் ஏற்றமாகவும் இருப்பது அதன் தனிச் சிறப்பு. 1996-க்குப் பின் பெரிய பந்தயங்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. இடையில் சிறு பந்தயங்கள் சில நடந்ததோடு சரி, பாதை கைவிடப்பட்டது. தார் வெடித்து அதில் களை முளைத்தது. பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியருக்கு அது மனத்தை உறுத்தியது. திரும்பக் கட்டப் பணம் இல்லை. அழிந்து போவதற்கு முன் அளந்தாவது வைப்போம் என்று ஐரேசிங் நிறுவனத்தாரைக் கேட்டுக்கொண்டார். ஆனால் லேசர் ஒளி களைச் செடியைத்தான் அளக்கும், அதற்கடியில் உள்ள ரோட்டை அளக்காது அல்லவா? எனவே 2019 டிசம்பரில் அவரும் வேறு பலரும் போய், வெடிப்புகளில் முளைத்த களைகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். பிறகு அளந்தார்கள். 2020-இல் அந்தப் பாதை விளையாட்டில் வந்தது.

பாதையை ஒரு பெட்டிக்குள் பத்திரப்படுத்தியதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் பார்த்தவர்கள் மனம் மாறியது. அரசு பணம் ஒதுக்கியது. 2022-இல் மீண்டும் பந்தயங்கள் நடந்தன. 2023 மே மாதத்தில் பெரிய வீரர்கள் எல்லாரும் அங்கே வந்து ஓடினார்கள், 1981-இல் போட்ட அதே பழைய தாரின் மேல். 2024-ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கு முன் புதிய தார் போட்டுவிட்டார்கள். ஆகவே அந்தப் பழைய தாரும் அதன் வெடிப்புகளும் இப்பொழுது அங்கே இல்லை; 2019-இல் எடுத்த புள்ளி மேகத்தில் மட்டும் இருக்கின்றன.

நம் பள்ளியின் பழைய வராந்தாக் கட்டடத்தை இந்தக் கோடை விடுமுறையில் இடிக்கப் போவது உங்களுக்குத் தெரியும். அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பு அதன் மாதிரியைச் செய்தது. நாங்கள் ஆறு பேர் அதனை அளந்தோம். லேசர் ஏது? தையல் நாடாவும் அடிக்கோலும்தான். மாடிப்படிகளை அளந்தபோது ஒரு சங்கடம் வந்தது. கல் படிகளின் ஓரம் ஓர் உயரம், நடு வேறு உயரம். இத்தனை வருடம் ஏறி இறங்கியவர்களின் கால் பட்டு நடுவில் தேய்ந்திருந்தது. கீழிருந்து மூன்றாவது படியில் ஒரு சென்டி மீட்டர் தேய்மானம்! எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்துவிட்டால் மாதிரி அழகாக இருக்குமே என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது அங்கு வந்த சிஸ்டர், “தேய்ந்ததைத் தேய்ந்தபடியே செய்யுங்கள், பிள்ளைகளே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபதில் ஒரு பங்கு அளவில் செய்ததால் அந்த ஒரு சென்டி மீட்டர் எங்கள் மாதிரியில் அரை மில்லி மீட்டர் ஆயிற்று. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் படிகளை வார்த்து, உப்புத்தாளைச் சுருட்டி ஒரு மாலை முழுவதும் தேய்த்தோம். மாதிரி இப்பொழுது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மூன்றாவது படியில் விரலை வைத்துத் தடவினால் தெரியும்.